ஒரு கெஜம் தள்ளி

காலை ஆறு நாற்பதுக்கு என் கடைக்குள் நுழைந்ததும் ஓரஸ்ட் ஹ்ரிட்சாக் முதல் வேலையாக மற்ற மேசைகளைக் கொள்ளையடிப்பார். ஆறு மேசைகளிலிருந்தும் உப்புக்குப்பி, மிளகுக்குப்பி என்று பன்னிரண்டு உருப்படிகள் நடு மேசைக்கு வந்து சேரும். பிறகு ஜாம் தட்டைத் துழாவுவார். ஸ்ட்ராபெரிப் பொட்டலம் பதினொன்று வேண்டும். ஆரஞ்சு ஜாம் ஆகாது, அது எதிரணியின் நிறம். பதினொன்றையும் பரப்பி, அவற்றுக்குப் பின்னால் வினிகர் பாட்டிலை நிறுத்தி, முன்னால் ஒரு சர்க்கரைக் கட்டியை வைப்பார். அதுதான் பந்து. தொப்பியைக் கழற்றுவது, காப்பி குடிப்பது எல்லாம் அதற்கப்புறம்தான்.

நான் கெட்டிலோடு போய் நின்றால் கையைக் குறுக்கே நீட்டுவார். "இரு மார்லீஸ், இப்ப ஊத்தாத. மூணாவது முயற்சி ஓடிட்டிருக்கு."

"கடைக்கு வந்தவங்க முட்டைக்கு உப்பில்லாம முழிக்கறாங்க, ஓரஸ்ட்."

"உப்பு ரத்தக்கொதிப்புக்கு ஆகாது. அவங்களுக்கு நான் நல்லதுதான் பண்றேன்."

பதினாறு வருஷமாக இந்த டன்வெல் ஊரில் காப்பி ஊற்றுகிறேன். நடு மேசை ஆண்களின் மேசை. விதைக்கிற காலத்திலும் அறுக்கிற காலத்திலும் கொஞ்சம் காலியாகும். மற்ற நாளெல்லாம் ஆறரையிலிருந்து எட்டு வரை மழை, மசூர் பருப்பு விலை, எவன் டிராக்டர் எந்தப் பள்ளத்தில் இறங்கியது என்று உலகத்தை உழுது போடுவார்கள். காப்பிக்கு யார் காசு என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். ஜூன் பிறந்துவிட்டால் பேச்சு ஒன்றே ஒன்றுதான், நாரைகள். நகரத்தில் ஆடுகிற எங்கள் ஃபுட்பால் அணியின் பெயர் அது, பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஆடுகிற கனடா ஃபுட்பால். எங்களுக்கும் நகரத்துக்கும் நடுவே இரண்டேகால் மணி நேரப் பாதை இருந்தாலும், நாரைகள் தோற்ற மறுநாள் என் கடையில் ரொட்டிகூட வேகமாகத் தீய்கிறது என்று சொல்வேன்.

ஓரஸ்டுக்கு அறுபத்து மூன்று வயது. பஞ்சாயத்தின் கிரேடர் வண்டி ஓட்டுகிறார். நீளமான கத்தியை வயிற்றுக்கடியில் தொங்கவிட்டுக்கொண்டு சரளைச் சாலைகளைச் சீவிச் சமன் செய்கிற மஞ்சள் வண்டி. கோடையில் புழுதி, குளிர்காலத்தில் பனி, சம்பளம் எப்போதும் ஒன்றுதான். வண்டிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் வைத்திருக்கிறார். மேசையில் லைல் பட்னிக் எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அந்தப் பக்கம் செவிட்டுக் காதைத் திருப்பி வைத்துக்கொள்வார். நல்ல காது டெல்மர் ஹாகனின் பக்கம்.

லைல் உரக்கடைக்காரர். குரலுக்கு மட்டும் ஒரு குறைச்சலும் கிடையாது. டெல்மர் அதற்கு நேர்மாறு, இந்த வருஷம் பேச்சே கிடையாது. இந்த மூவரையும் தவிர மற்றவர்கள் வருவார்கள் போவார்கள்.

ஓரஸ்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எப்ப தேதி பாத்தாலும் அன்னிக்கு ஆட்டம் இருந்துது" என்பார். சூரியகாந்தி விதையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தோலை மட்டும் காகிதக் குவளையில் துப்பியபடி, ஒரு மணி நேரம் தடையில்லாமல் விவாதிக்கக் கூடியவர். ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை மாவுக்குள் அடைத்து நான் சுடும் இனிப்புப் பையைத் திங்கட்கிழமை சாப்பிடுவார், வியாழக்கிழமை சாப்பிடமாட்டார். காரணம் கேட்கக் கூடாது. 2007-இல் ஒரு வியாழக்கிழமை பை சாப்பிட்டாராம், அந்த வாரம் நாரைகள் ஐம்பத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்களாம்.

இந்த வருஷம் அவர் வியாழக்கிழமை பை சாப்பிடாமலேயே தோற்றார்கள். ஜூலையில் மூன்று, ஆகஸ்டில் நான்கு. ஊரே ஒருவன் தலையில் பழியைப் போட்டது. ட்ரெவியன் ஃபோன்டெனோ, இருபத்து நான்கு வயது, லூயிசியானாவிலிருந்து வந்த பையன். அணியின் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், எறிவதும் கொடுப்பதும் ஓடுவதும் அவன் தீர்மானம். எங்கள் ஆட்டத்தில் மூன்று முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. நாரைகள் இரண்டு முயற்சியில் நாலு கெஜம் போய்விட்டு, மூன்றாவதில் பந்தைத் தூர உதைத்துத் தொலைத்துவிட்டு வெளியே வருவதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. எனக்கு ஆட்டத்தில் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. காதில் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டதுதான்.

"ரெண்டு தடவ முட்டறான், மூணாவது தடவ உதைச்சு அனுப்பறான். இதுக்குப் பேரு ஆட்டமா?" என்று லைல் ஆரம்பிப்பார். "என் மச்சான் வீட்டுக் கிடா இதவிட நல்லா முட்டும். அந்தப் பயல உக்கார வெச்சுட்டு மாத்து ஆள் ஹால்வர்சனை இறக்கச் சொல்லு. நம்ம மண்ணுல பொறந்த பையன். நம்ம குளிர் தெரியும், நம்ம காத்து தெரியும்."

"காத்து தெரிஞ்சாப் போதும்னா உன் கடை போர்டை இறக்கி விடு. முப்பது வருஷமா அதுவும் காத்துலதான் ஆடுது" என்பார் ஓரஸ்ட்.

"பேச்சை மாத்தாத. போன வாரம் மூணு பந்தை எதிராளி கையிலயே கொடுத்தானா இல்லையா?"

"கொடுத்தான். ஏன் கொடுத்தான்? இங்க பாரு." ஓரஸ்டின் விரல் ஜாம் பொட்டலங்கள் மேல் இறங்கும். "முன்னால நிக்கற இந்த அஞ்சு பேர் தடுக்கணும். தடுத்தானுங்களா? பந்து கைக்கு வந்து ரெண்டு நொடியில நாலு தடியன் மேல விழறான். அதுக்குள்ள அந்தப் பய என்ன பண்ணுவான், ஜெபமா பண்ணுவான்?" நான்கு உப்புக்குப்பிகள் ஜாமை மிதித்துக்கொண்டு போய், ஃபோன்டெனோவாக நிற்கிற வினிகரைக் கவிழ்க்கும். நான் துணியோடு ஓடுவேன்.

ஆட்டம் முடிந்ததும் வானொலியில் ரசிகர்கள் பேசலாம். ஓரஸ்ட் நகரத்தில் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் லாரிகள் நிற்கிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொரு முறையும் பேசுவார். அறிவிப்பாளருக்கே அவர் குரல் பழக்கம். "டன்வெல் ஓரஸ்டா? சொல்லுங்க, இன்னிக்கு யார் மேல தப்பு?" என்பார். "ரோடு மேல" என்பார் இவர். "ரோட்டைச் சரியாப் போடாம டிரைவரைத் திட்டக் கூடாதுங்க." ஆகஸ்டில் இதைக் கேட்டு மாகாணமே சிரித்தது. 'ரோட்டு ஓரஸ்ட்' என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.

அவர் அதைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாலை அலை அலையாகக் குலுக்கினால் ஊர் முழுக்க அவர் வீட்டுக்குத்தான் போன் போடும். வீட்டு வாசலில் சரளை மேடு விட்டுப் போனால் திட்டு, போகாவிட்டால் பள்ளத்துக்குத் திட்டு. "பதினெட்டு வருஷத்துல, 'இன்னிக்கு ரோடு வழவழன்னு இருந்துது ஓரஸ்ட்'னு ஒரு போன் வந்ததில்ல மார்லீஸ்" என்று ஒரு நாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. நல்ல வேலைக்கு அதுதான் அடையாளம் என்கிற மாதிரிச் சொன்னார்.

ஆனால் அந்தப் பையனுக்காக அவர் இப்படி மல்லுக்கட்டியதற்குக் காரணம் சாலை மட்டும் அல்ல. டெல்மர்.

இருபத்தேழு வருஷமாக ஓரஸ்டும் டெல்மரும் நாரைகளின் மைதானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. டெல்மர் நிலத்தைத் தங்கை மகனிடம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, என் கடைக்கு எதிர்த்தாற்போல் தபால் ஆபீசை ஒட்டிய வீட்டில் இருக்கிறார். முன்பு இந்த வட்டாரப் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கெல்லாம் அவர்தான் நடுவர். இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதினவர். ஆட்ட நாளில் ஓரஸ்ட் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். டெல்மர் இறங்கி வருவார், பின்னாலேயே அவர் மனைவி ஆர்டித் முட்டை சாண்ட்விச் பொட்டலத்தை மறந்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு வருவாள். ஒவ்வொரு முறையும் மறப்பார்கள். ஒவ்வொரு முறையும் கத்துவாள்.

பிப்ரவரியில் ஆர்டித் போய்விட்டாள். அடக்கத்தன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி உறைகுளிர், முந்தின நாள் முழுக்கப் பனிக்காற்று. கல்லறைத் தோட்டத்துப் பாதை பஞ்சாயத்துக் கணக்கில் இல்லை, அங்கே கிரேடரைக் கொண்டுபோக ஓரஸ்டுக்கு அனுமதியும் இல்லை. விடியும்போது பாதை கோடு போட்டமாதிரித் திறந்து கிடந்தது. இரண்டு பக்கமும் பனிச்சுவர், நடுவில் இரண்டு கார் போகிற அகலம். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. டெல்மரும் கேட்கவில்லை.

அதிலிருந்து டெல்மர் தினம் கடைக்கு வருவார், ஓரஸ்டின் நல்ல காதுப் பக்கம் உட்காருவார், குவளையைச் சுற்றிச் சுற்றி வைப்பார், எட்டு மணிக்கு எழுந்து போவார். பகடையைக்கூடப் பார்க்காமல் உருட்டுவார். கேட்டதற்கெல்லாம் "ம்" தான். மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டின் திரை மூடியே இருந்தது. அவருடைய மகள் டொராண்டோவிலிருந்து எனக்கு இரண்டு முறை போன் செய்து, "அப்பா சாப்பிடறாரா அத்தை?" என்று கேட்டாள். சாப்பிடுகிறார் என்று சொன்னேன். பொய்தான்.

ஜூனில் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், "நாளைக்கு ஒன்பதரைக்கு வரேன்டா" என்றார் ஓரஸ்ட். டெல்மர் குவளையைப் பார்த்தபடியே, "அந்தப் பய ஆடற வரைக்கும் நான் வரல" என்றார். நான்கு மாதத்தில் அவர் பேசிய முழு வாக்கியம் அதுதான்.

"அப்ப ரொம்பச் சுலபம்" என்று அவர் போனபிறகு லைல் சொன்னார். "ஹால்வர்சன் ஆடட்டும், டெல்மர் வந்துடுவான். நீயும் என் கட்சிக்கு வந்துடு."

ஓரஸ்ட் தலையை ஆட்டினார். "அந்தப் பயல உக்கார வெச்சா டெல்மர் வேற சாக்கு தேடுவான். இடுப்பு வலிம்பான், மழைம்பான். அதுக்கெல்லாம் நான் எங்க போய் மருந்து தேடறது? இது நல்ல சாக்கு லைல். இது ஒரு நாள் சரியாப் போயிடும். பய நல்லா ஆடிட்டான்னா அப்புறம் அவன் என்ன சொல்வான்?"

லைல் அன்றைக்கு மட்டும் பகடை உருட்டாமலேயே எல்லார் காப்பிக்கும் காசை எடுத்து வைத்தார்.

சொன்னபடி மறுநாள் ஓரஸ்ட் வந்து இரண்டு ஹாரன் அடித்தார். என் கடை ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். பத்து நிமிஷம் காத்திருந்தார். டெல்மரின் இருக்கை மெத்தை போன நவம்பரிலிருந்தே அந்த வண்டியில்தான் கிடந்தது. மைதானத்துப் பெஞ்சில் குளிருக்குப் போட்டு உட்காருகிற தடித்த சிவப்பு மெத்தை. அதைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதன்மேல் சாண்ட்விச் பையை வைத்து, சரிந்து விழாமல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டுக் கிளம்பினார். மைதானத்திலும் பக்கத்து இருக்கையில் மெத்தையை விரித்து வைப்பாராம். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது" என்பாராம்.

சாண்ட்விச் என்னுடையது. இரண்டு கேட்பார். "ஒண்ணு திரும்பி வருதே, ஏன் ரெண்டு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஒண்ணு மட்டும் வாங்கினா அவன் வரமாட்டான்னு நானே தீர்ப்பு சொன்னமாதிரி ஆயிடும்" என்றார். உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன், கண்ணைத் துடைக்க அது ஒரு வசதி.

ஆகஸ்டில்தான் நான் அந்தத் தப்பைக் கவனித்தேன். மேசையில் அவர் வைக்கும் உப்பு, மிளகுக் குப்பிகள் சர்க்கரைக் கட்டியை ஒட்டி, ஜாமோடு மூக்கோடு மூக்கு உரசி நின்றன. தெற்கே அமெரிக்காவில் அப்படி நிற்கலாம். இங்கே எதிராளி பந்திலிருந்து ஒரு முழு கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். இந்த மாகாணத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. எனக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கெஜ சந்து இருப்பதால்தான் மூன்றாவது முயற்சியில் ஒரு கெஜம் பாக்கி என்றால் எங்கள் ஆட்கள் உதைக்காமல் துணிந்து முட்டிப் பார்ப்பார்கள். இருபத்தேழு வருஷம் மைதானத்தில் உட்கார்ந்தவர் இதை எப்படி மறப்பார்? கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று நினைத்தேன். கண் டாக்டரின் சீட்டை அவர் குவளைக்கடியில் வைத்தேன். அவர் அதன்மேல் விதைத் தோலைத் துப்பினார்.

மேசையில் மற்றவர்களும் கத்தினார்கள். "எந்த நாட்டு ஆட்டம்டா ஆடற?" என்றார் லைல். ஓரஸ்ட் செவிட்டுக் காதைக் காட்டினார்.

செப்டம்பர் முதல் வாரம், தொழிலாளர் தின விடுமுறை ஆட்டத்திலும் நாரைகள் தோற்றிருந்தார்கள். டெல்மர் கை கழுவப் போயிருந்த நேரம் மேசையைத் துடைக்கப் போனேன். போகிற போக்கில் ஒரு மிளகுக்குப்பியைப் பின்னால் தள்ளினேன். ஓரஸ்ட் என் கையைப் பிடித்துவிட்டார்.

"தொடாத." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது அங்கதான் இருக்கணும்."

"தப்பா நிக்குது, ஓரஸ்ட்."

"தெரியும். இருபத்திரண்டு வருஷம் இதுக்குத்தான் விசில் ஊதினான் அவன். கல்யாண வீட்டுல சாப்பாட்டு மேசை வரிசையக்கூட ஒரு கெஜம் தள்ளி நில்லுன்னு ஒதுக்குவான். எத்தன நாளைக்குப் பாத்துட்டுச் சும்மா இருப்பான்? அவன் கைக்குன்னு விட்டு வெச்சிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ஜூலை எட்டுலேர்ந்து."

அடக் கிறுக்கு மனுஷா, என்று மனசுக்குள் திட்டினேன். இரண்டு மாதம் தினமும் பன்னிரண்டு குப்பியைத் தப்பாக அடுக்கி, ஊரெல்லாம் கேலி செய்ய உட்கார்ந்திருக்கிறார். டெல்மர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. கை குவளையிலேயே இருந்தது.

அந்த மாதத்தில் ஓரஸ்டிடமும் தளர்ச்சி தெரிந்தது. ஆட்ட நாளில் வரும்போதே மெத்தைக்கு பெல்ட் மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். ஹாரன் அடிப்பார், பத்து நிமிஷம் நிற்பார், ஆனால் எஞ்சினை அணைக்க மாட்டார். ஃபோன்டெனோவுக்கு இன்னும் ஒரே ஆட்டம்தான் வாய்ப்பு, தோற்றால் ஹால்வர்சன்தான் என்று பத்திரிகையில் போட்டார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது போச்சுன்னா டெல்மருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல மார்லீஸ்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த ஆட்டம் அக்டோபர் முதல் சனிக்கிழமை. எதிரணி அல்பர்ட்டாக்காரர்கள், ஆரஞ்சுச் சட்டை. கடையில் பெரோகிக் கொழுக்கட்டை அவித்துக்கொண்டே வானொலி கேட்டோம். ஒன்றரை நிமிஷம் பாக்கி, நாரைகள் நாலு புள்ளி பின்தங்கி. மூன்றாவது முயற்சி, ஒரு கெஜம் வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் ஃபோன்டெனோவை வெளியே எடுத்து, முரட்டு ஆளான ஹால்வர்சனை முட்ட அனுப்புவதுதான் வழக்கம். ஹால்வர்சன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான் என்று அறிவிப்பாளர் சொன்னார். அப்புறம், "இல்லை, பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்" என்றார். லைல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஃபோன்டெனோவே முட்டினான். குவியலுக்கடியில் போய்விட்டான். எழுப்பிப் பார்த்தால் ஒன்றரை கெஜம் போயிருந்தான். அடுத்த பந்தை ஓரத்து மூலையில் முப்பது கெஜம் தூக்கி எறிந்தான், எங்கள் ஆள் கோட்டுக்குள் பிடித்தான், ஆறு புள்ளி. ஆட்டம் எங்களுக்கு. லைல் என் கையைப் பிடித்துக் குதித்துவிட்டு, பிறகு நினைவு வந்து, "அதிர்ஷ்டம்" என்றார். நான் ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தேன். திரை மூடியிருந்தது. ஆனால் உள்ளே வானொலி ஓடியதா என்று தெருவைக் கடந்து போய்க் கேட்க எனக்குக் கால் வரவில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கே ஓரஸ்ட் ஆஜர். ருபார்ப் பை கேட்டார். குப்பிகளைச் சேர்த்தார், ஜாமைப் பரப்பினார், வினிகரை நிறுத்தினார். குப்பிகள் வழக்கம்போல மூக்கோடு மூக்கு. டெல்மர் வந்து நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்தார்.

"அதிர்ஷ்டம்னு சொல்றவன் யாரு? இங்க பாரு" என்று ஆரம்பித்தார் ஓரஸ்ட். "ஒரு கெஜம் வேணும். இவனுங்க இப்படி ஒட்டி நிக்கறானுங்க. பய தலையக் குனிஞ்சு..." வினிகர் முன்னேறியது, மிளகில் இடித்தது, நின்றது.

"போக எடம் எங்கடா இருக்கு?" என்றார் லைல். "சுவத்துல முட்டினமாதிரி இருக்கு."

"போனான்ல? கண்ணால பாத்தேன்."

"இப்படி நின்னா எவனும் போக முடியாது. உனக்கு..."

அப்போதுதான் அந்தக் கை வந்தது. குவளையை விட்டு எழுந்து, மேசையைக் கடந்து, கட்டைவிரலை முதல் மிளகுக்குப்பியின் வயிற்றில் வைத்து ஒரு விரற்கடை பின்னால் தள்ளியது. அடுத்ததை. அதற்கடுத்ததை. பன்னிரண்டில் முன்வரிசையில் இருந்த ஆறையும் ஒரே கோட்டில் தள்ளி நிறுத்திவிட்டு, கட்டைவிரலைச் சர்க்கரைக் கட்டிக்கும் குப்பிக்கும் நடுவே படுக்க வைத்து அளந்து பார்த்தது.

"ஒரு கெஜம்" என்றார் டெல்மர்.

நான் கெட்டிலைத் தூக்கியபடியே நின்றேன்.

"ஒரு கெஜம்டா, முட்டாள்! கோடையெல்லாம் பாத்துட்டிருக்கேன். தினம் ஒட்டி ஒட்டி வெக்கற. நீயெல்லாம் இருபத்தேழு வருஷம் என் பக்கத்துல உக்காந்து என்னத்தப் பாத்த? இந்தச் சந்து இல்லேன்னா அந்தப் பய எங்க நுழைவான்? தோளை இடது பக்கம் சாய்ச்சு இப்படிப் போயிருக்கான்." வினிகர் பாட்டில் ஜாமுக்கு நடுவே புகுந்து மறுபுறம் வந்தது. "ரேடியோவுல கேட்டாலே தெரியுது. கண்ண டாக்டர்கிட்ட காட்டு."

"சீட்டு நான் கொடுத்தேன்" என்றேன்.

"வலது பக்கம்தான் சாஞ்சான்" என்றார் ஓரஸ்ட். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பைத் துண்டை முள்கரண்டியால் குத்தினார்.

"இடது."

"நான் நேர்ல பாத்தவன்."

"நீ பாத்த லட்சணம்தான் இந்த மேசையில தெரியுதே!"

எட்டரை வரை சண்டை போட்டார்கள். லைலுக்குக்கூட வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை வருகிறாயா என்று ஓரஸ்ட் கேட்கவில்லை, வருகிறேன் என்று டெல்மரும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க இடதா வலதா என்பதே பேச்சு. வெள்ளிக்கிழமை கிளம்பும்போது டெல்மர் கதவருகில் நின்று, "அந்தப் பய இன்னும் தோளைத் தாழ்த்தணும்" என்றார். ஓரஸ்ட், "ம்" என்றார்.

சனிக்கிழமை வானம் சாம்பலாக இருந்தது, வருஷத்தின் முதல் பனி பொடியாக விழுந்தது. ஓரஸ்ட் இரண்டு சாண்ட்விச் வாங்கினார். "மழைம்பான், பனிம்பான்" என்று தனக்குள் முனகியபடி போனார். லைல் ஜன்னலோரம் வந்து என் பக்கத்தில் நின்றார். "வருவானா?" என்றார். அவர் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

வண்டி எதிர் வீட்டு வாசலில் நின்றது. பக்கத்து இருக்கையில் சிவப்பு மெத்தை, அதன் குறுக்கே பெல்ட். ஹாரன் இரண்டு தடவை கேட்டது. திரை அசையவில்லை, கதவு திறக்கவில்லை. ஓரஸ்ட் எஞ்சினை அணைத்தார். ஒரு நிமிஷம் அந்த மூடின கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எட்டிக் கைநீட்டி, பெல்ட்டைக் கழற்றி, மெத்தையை எடுத்துப் பின் சீட்டில் எறிந்துவிட்டு, ஆள் உட்காரத் தோதாக வெறும் இருக்கையில் கிடந்த விதைத் தோல்களைப் புறங்கையால் தட்டிவிட்டார்.